பாக்கியலட்சுமியும் எங்க வீட்டுத் திண்ணையும்

ஒரு மாசமா எதுவும் எழுத முடியல. ஆடிப்பட்டத்து மல்லாட்டை விதைப்பு ஒரு பக்கம், பொண்ணு கல்யாண வேலை ஒரு பக்கம். மல்லாட்டைன்னா என்னன்னு டவுன்ல இருக்கிறவங்க கேப்பீங்க. வேர்க்கடலைதான். எங்க திண்டிவனம் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்.

விதைக்கு எடுத்து வைக்கிற மல்லாட்டையை நாங்க மெஷின்ல போட்டு உடைக்கிறதில்ல. மெஷின்ல பருப்பு ரெண்டா பிளந்துடும், செவப்புத் தோலு உரிஞ்சிடும். அப்புறம் முளைப்பு எப்படி வரும்? கையாலதான் உடைக்கணும். ஏக்கருக்கு ஐம்பது, அறுபது கிலோ பருப்பு வேணும். ஒரு ஆளு, ரெண்டு ஆளு உடைச்சு முடியாது. அதனால பொழுது சாய்ஞ்சா அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க முறத்தை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுத் திண்ணைக்கு வந்துடுவாங்க. மரக்காலுக்கு இவ்வளவுன்னு கூலி. கூலியோட கூட இன்னொண்ணும் உண்டு, டிவி. கூடத்துல இருக்கிற பெட்டியை வாசப்பக்கம் திருப்பி வச்சுடுவோம். கை மல்லாட்டையை உடைக்கும், கண்ணு நாடகத்துல இருக்கும், வாயி ஒரு நிமிஷம் சும்மா இருக்காது.

அப்படி நாங்க பார்த்த நாடகம்தான் விஜய் டிவியில வந்த 'பாக்கியலட்சுமி'. 2020 ஜூலையில ஆரம்பிச்சுது, 2025 ஆகஸ்டுல முடிஞ்சுது. அஞ்சு வருஷம். எங்க கணக்குல சொன்னா, ஆடிப்பட்டம் மார்கழிப்பட்டம் எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினோரு விதைப்பு. முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி எதுத்த வீட்டு ஆயா முறத்தைத் தட்டிட்டு எழுந்துக்கினே, "தொலைஞ்சுது போ, இனிமே யார திட்டறது?"ன்னு சொல்லுச்சு. எல்லாரும் சிரிச்சோம். எனக்கு மட்டும் சிரிப்புக்கு உள்ள ஒரு உறுத்தல். அதைத்தான் எழுதலாம்னு உக்காந்தேன்.

நாடகம் பார்க்காதவங்களுக்காகக் கதையைச் சுருக்கமா சொல்றேன். பாக்கியான்னு ஒரு குடும்பத்துப் பொம்பளை. புருஷன் கோபி. மூணு பிள்ளைங்க, மாமனார், மாமியார். சமையக்கட்டுதான் அவளுக்கு உலகம். கோபி காலேஜ்ல விரும்பின ராதிகா, புருஷனை விட்டுப் பிரிஞ்சு மயூங்கிற பெண் குழந்தையோட இருக்கிறா. கோபி பாக்கியாகிட்ட மறைச்சு ராதிகாவோட பழகுறான். கடைசியில பாக்கியா விவாகரத்துக் குடுத்துடுறா, அவன் ராதிகாவைக் கட்டிக்கிறான். ஒரு கட்டத்துல ஒரே வீட்டுக்குள்ளயே ரெண்டு குடும்பமும் இருந்துச்சு. அதுக்கு நடுவுல பாக்கியாவோட ரெண்டாவது பையன் எழில், அமிர்தான்னு ஒரு விதவைப் பெண்ணைக் கட்டிக்கிறான். அவளுக்கும் நிலான்னு ஒரு குழந்தை. ஆக அந்த ஒரு வீட்டுல அப்பா கட்டினவளும் ஒரு பிள்ளையோட வந்தவ, மகன் கட்டினவளும் ஒரு பிள்ளையோட வந்தவ.

இது மொதல்ல வங்காளத்துல 'ஸ்ரீமோயி'ன்னு வந்த கதைன்னு என் பையன் சொன்னான். ஹிந்தியில 'அனுபமா', மலையாளத்துல 'குடும்பவிளக்கு'. எந்த ஊர்ல போட்டாலும் ஓடுது. எல்லா ஊர்லயும் இப்படிப்பட்ட வீடு இருக்கும் போல. எங்க தெருவுலயும் இருக்கு. எங்க வீடுதான் அது.

எனக்கு ஐம்பத்தி நாலு வயசு. மொத சம்சாரம் 2003ல உடம்பு முடியாம போய்ச் சேர்ந்துட்டா. பையனுக்கு அப்ப நாலு வயசு. மூணு வருஷம் எங்கம்மாதான் அவனைப் பார்த்துக்கிச்சு. அப்புறம் முடியல, பொண்ணு தேட ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி சன் டிவியில 'சித்தி'ன்னு ராதிகா நடிச்ச நாடகம் வந்துச்சே, ஞாபகம் இருக்கும். 1999ல ஆரம்பிச்சது. எங்க தெருவுல டிவி இருந்த ஒரே வீட்டு வாசல்ல போய் நின்னு எங்கம்மா அதைப் பார்க்கும். அதனால தரகர்கிட்ட, "அந்த நாடகத்துல வராளே, அது மாதிரி ஒருத்தியப் பாரு"ன்னு சொல்லுச்சு. சித்தின்னாலே கொடுமைக்காரின்னு நெனச்சுக்கிட்டிருந்த சனத்துக்கு, அந்த நாடகம் இப்படியும் ஒரு சித்தி இருப்பான்னு காட்டுச்சு. நாடகம்னா சும்மா பொழுதுபோக்குன்னு சொல்றவங்களுக்கு இதைச் சொல்லணும். எங்க வீட்டுக்கு மருமக எப்படி வேணும்னு முடிவு பண்ணதுல ஒரு நாடகத்துக்குப் பங்கு இருக்கு.

வந்தவளுக்கு இருபத்தேழு வயசு. புருஷன் மோட்டார் கொட்டாயில ஷாக் அடிச்சுச் செத்துட்டான். கையில மூணு வயசுப் பெண் குழந்தை. புருஷன் வூட்டுப் பங்காளிங்க, "நீ போறதுன்னா போ, புள்ளைய விட்டுட்டுப் போ"ன்னாங்க. எங்க பக்கம் உழைக்கிற சனத்துல அறுத்துக் கட்டுறது புதுசு இல்ல. தாத்தா பாட்டன் காலத்துலயே நடந்ததுதான். ஆனா பொம்பளை மட்டும்தான் போவா, பிள்ளை அப்பன் வூட்டுச் சொத்துன்னு அங்கேயே நின்னுடும். எங்கம்மாவும், "அவ வந்தா போதும், பொட்டப்புள்ள எதுக்கு"ன்னுதான் சொல்லுச்சு. அவ ஒத்துக்கல. "புள்ளையோட வரேன், இல்லன்னா வரல"ன்னு ஒரே வார்த்தை. 2006ல கோயில்ல தாலி கட்டினேன். அதே வருஷம்தான் கலைஞர் ஆட்சியில வீட்டுக்கு ஒரு கலர் டிவி குடுக்கிற திட்டம் ஆரம்பிச்சாங்க. எங்களுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு வந்துச்சு. டிவிப் பெட்டிக்கும் எங்க குடும்பத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயசு.

இப்ப திண்ணைக்கு வரேன்.

ஒரே நாடகத்தைப் பார்த்துட்டு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கன்னு மேலாப்புல தோணும். கொஞ்ச நாள் கவனிச்சுக் கேட்டா, அவங்கவங்க எங்க உக்காந்து பார்க்கிறாங்களோ அங்க இருந்துதான் பேசுறாங்கன்னு தெரியும். மேட்டுத்தெருவுல இருந்து ஒரு தங்கச்சி வரும். அது புருஷன் எட்டு வருஷத்துக்கு முன்னாடி வேற ஒருத்தியோட பெங்களூருக்குப் போயிட்டான். ராதிகா திரையில வந்தாலே அதுக்கு மல்லாட்டை உடையாது, நொறுங்கும். "குடும்பத்தைக் கெடுத்தவ, இவளுக்கு இன்னா பவுசு பாரு"ன்னு பல்லைக் கடிக்கும்.

எதுத்த வீட்டு ஆயாவுக்கு எழுபதுக்கு மேல வயசு. அது ரெண்டாந்தாரமா வந்தது. மூத்தாள் பிள்ளைங்க மூணு பேரை வளர்த்துச்சு. அது ராதிகாவை விட்டுக் குடுக்காது. "அவகிட்டயும் அந்தக் கோபி உண்மையச் சொல்லலடி. பாக்கியாவும் அவளும் சிநேகிதிங்களா இருந்தாளுங்க. அந்த பாக்கியா புருஷன்தான் இவன்னு அவளுக்குத் தெரியாமதான போச்சு. ரெண்டு பேரையும் ஏமாத்துனவன் ஒருத்தன், அவன விட்டுட்டு அவளத் திட்டறீங்க"ன்னு சொல்லும். எனக்கு ஆயா சொன்னது நியாயமாத்தான் பட்டுச்சு. ஆனா மேட்டுத்தெரு தங்கச்சி முன்னாடி அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது.

கோபி விஷயத்துல மட்டும் எல்லாருக்கும் ஒரே வாக்கு. பழி அவன்மேல. ஆனா பாருங்க, பழனிச்சாமின்னு ஒரு பாத்திரம் வந்துச்சு. நடிகர் ரஞ்சித் நடிச்சாரு. நல்ல மனுஷன், பாக்கியாமேல அவருக்கு ஒரு பிரியம். பாக்கியாவும் அவரைக் கட்டிக்கிட்டா என்னன்னு பால் சொசைட்டிக்குப் போற அண்ணி ஒரு நாள் கேட்டுச்சு. அவ்வளவுதான். கோபியைக் கரிச்சுக் கொட்டின அதே வாய்ங்க, "மருமவ எடுத்த வயசுல இவளுக்கு இன்னா கல்யாணம், அசிங்கம்"ன்னு சொல்லுச்சுங்க. அவன் கட்டிக்கிட்டதும் தப்பு, இவ கட்டிக்கிட்டாலும் தப்பு. அவன் பண்ணது ஏமாத்து. இவ யாரையும் ஏமாத்தலியே? அதைப் பத்தி யாரும் யோசிக்கல.

எங்க வீட்டுக்காரம்மா அன்னிக்கு ஒரு வார்த்தை பேசல. தலை குனிஞ்சு உடைச்சுக்கிட்டே இருந்தா. அவளை வச்சு யாரும் சொல்லல, எனக்குத் தெரியும். அவங்க நாடகத்தைத்தான் பேசினாங்க. ஆனா அவ காதுல அது எப்படி விழுந்திருக்கும்? ராத்திரி படுக்கும்போது, "அவங்க சொன்னதை மனசுல வச்சுக்காத"ன்னேன். "எதைச் சொன்னாங்க?"ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டா.

அப்பவே எனக்குப் புத்தி வந்திருக்கணும். வரல. நான் பண்ண கூத்தை இனிமேதான் சொல்லப் போறேன்.

ஒரு மார்கழிப்பட்டத்து விதைக்கு உடைச்சுக்கிட்டிருந்தோம். நாடகத்துல அப்ப ஒரு திருப்பம். செத்துப் போயிட்டான்னு நெனச்ச அமிர்தாவோட மொத புருஷன் கணேஷ் உயிரோட திரும்பி வந்துட்டான். என் பொண்டாட்டியும் குழந்தையும் எனக்கு வேணும்னு நிக்கிறான். எழில் தாலி கட்டி, அந்தக் குழந்தையைத் தன் பிள்ளையா தூக்கி வளர்த்துக்கிட்டிருக்கான். குழந்தை யாருக்கு?

திண்ணை ரெண்டா போச்சு. பெத்தவனுக்குத்தான்னு ஒரு கட்சி, வளர்த்தவனுக்குத்தான்னு ஒரு கட்சி. ஆயா, "நாத்தங்கால் எவன் கழனியில விட்டா இன்னா? நட்டுத் தண்ணி கட்டுனவனுக்குத்தான கதிரு"ன்னுச்சு. மேட்டுத்தெரு தங்கச்சி, "வெதை யாருது ஆயா? அதச் சொல்லு மொதல்ல"ன்னுச்சு. பேச்சு முத்திப் போயி, "அண்ணா, நீ சொல்லு. ஆம்பள ஒருத்தரு சொல்லட்டும்"ன்னு என் பக்கம் திரும்பிட்டாங்க.

நான் கயித்துக்கட்டில்ல உக்காந்து விதைப் பருப்புல சொத்தை பொறுக்கிக்கிட்டிருந்தேன். பெரிய நாட்டாமை மாதிரி தொண்டையைச் செருமிட்டு, "பெத்தவன் வந்து கேட்டா குடுத்துத்தான் ஆவணும். நமக்கு ஆசை இருக்குன்னு அடுத்தவன் புள்ளைய வச்சுக்க முடியுமா?"ன்னு சொன்னேன். நியாயம் பேசுறதா எனக்கு நெனப்பு. எனக்கு விருப்பமானதைச் சொல்லாம தர்மத்தைச் சொல்றோம்னு ஒரு பெருமை வேற.

அடுப்பங்கரை வாசப்படியில உக்காந்து எங்க பாப்பாவும் உடைச்சுக்கிட்டிருந்தா. காலேஜ் ரெண்டாவது வருஷம் அப்ப. தலை நிமிரல. எங்க வீட்டுக்காரம்மாதான், "புள்ளைய நாத்துங்கறீங்க, வெதைங்கறீங்க. அதுங்களுக்கும் காது இருக்குது"ன்னு சொல்லிட்டு எழுந்து உள்ள போனா. நாடகத்துக் குழந்தையைச் சொல்றான்னு நெனச்சு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

பாப்பா என்னை என்னன்னு கூப்பிடுவான்னு சொல்லணும். எதுவும் கூப்பிட மாட்டா. வந்த புதுசுல சித்தப்பான்னு கூப்பிடச் சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டு மூணு தடவ சொன்னா. அப்பான்னு சொல்லச் சொன்னாங்க, அது அவங்கப்பா போட்டோவுக்கு வச்ச பேரு, சொல்லல. அப்புறம் எதுவும் சொல்லாமலே விட்டுட்டா. எதுனா வேணும்னா கிட்ட வந்து நிப்பா, நான் நிமிர்ந்து பார்த்ததும் பேச ஆரம்பிப்பா. தூரத்துல இருந்தா, "அண்ணா, அங்க சாப்பிட வரச் சொல்லு"ன்னு எம்பையன்கிட்ட சொல்லுவா. பையனும் அப்படித்தான், ஆனா அவன் அவளைச் சின்னம்மான்னு கூப்பிட்டுடுவான், பிரச்சினை இல்ல. பத்தொம்பது வருஷமா ஒரு பேரும் சொல்லாம ஒரு மனுஷன்கிட்ட பேசுறது எவ்வளவு கஷ்டம்னு நீங்களே முயற்சி பண்ணிப் பாருங்க. எனக்கு அது மொதல்ல கோவமா இருந்துச்சு, அப்புறம் வருத்தமா இருந்துச்சு, அப்புறம் பழகிப் போச்சு.

ஆனா காலையில நான் தண்ணி கட்டப் போனா, காலேஜ் பஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி மோட்டார் கொட்டாய்க்கு டீ கொண்டாந்து வச்சுட்டுப் போறது அவதான். நான் சுவிட்ச் போடுறப்ப கொஞ்ச நேரம் தள்ளி நின்னு பார்ப்பா. மோட்டார் ஓடுற சத்தம் வந்த பிறகுதான் போவா. ஏன்னு நான் கேட்டதில்ல. உங்களுக்கும் சொல்லத் தேவையில்ல.

அந்த ராத்திரிக்கு அடுத்த நாள் டீ அவ கொண்டு வரல. அவங்கம்மா கொண்டு வந்தா. மறுநாளும் அப்படியே. மூணாம் நாள், "பாப்பாக்கு உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டேன். வீட்டுக்காரம்மா டம்ளரை வரப்புல வச்சுட்டுச் சொன்னா. "அன்னிக்கு ராத்திரி என்னை ஒண்ணு கேட்டா. 'எங்கப்பா சாகாம இருந்து இப்ப திரும்பி வந்தாருன்னா, இவரு என்னைக் கூட்டிட்டுப் போங்கன்னு அனுப்பிச்சிடுவாராம்மா?'ன்னு. நான் என்னத்த சொல்றது, நீங்களே சொல்லுங்க."

எனக்குப் பதில் வரல. மடையைத் திருப்ப மறந்துட்டு நின்னேன். தண்ணி அடுத்தவர் கழனிக்குப் போய்க்கிட்டிருந்துச்சு.

பெத்தவன் பக்கம், வளர்த்தவன் பக்கம்னு ரெண்டு பக்கமும் பேசினோமே, அந்தக் குழந்தைக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கல. மயூவும் அப்படித்தான். அஞ்சு வருஷத்துல கோபியைப் பத்திப் பேசினதை எழுதினா நூறு நோட்டு வரும். பாக்கியாவைப் பத்தி ஐம்பது நோட்டு. மயூ என்ன பாவம் பண்ணுச்சு, பெத்த அப்பனையும் விட்டு, அம்மா கட்டினவன் வூட்டுக்கும் வந்து, அங்க இருக்கிற சனமெல்லாம் முறைக்கிறப்ப எங்க போய் நிக்கும்னு எங்க திண்ணையில யாரும் பேசி நான் கேட்டதில்ல. ராதிகா கடைசியில கோபியை விட்டுப் போனப்பவும், "நல்லா வேணும்"னுதான் சொன்னாங்க. போனது ராதிகா மட்டும் இல்ல.

அன்னிக்கு ராத்திரி மறுபடி அதே சண்டை ஆரம்பிச்சுது. நான் குறுக்க பூந்து, "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. அந்தக் குழந்தைக்கு யார்கிட்ட இருக்கணும்னு தோணுதோ அங்கதான் இருக்கணும். வளர்த்தவன் குடுக்கவே கூடாது. நானா இருந்தா குடுக்க மாட்டேன்"ன்னு சொன்னேன். கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன் போல. பால் சொசைட்டி அண்ணி, "இன்னாப்பா, உன் புள்ளையவா கேக்குறான்?"ன்னு சிரிச்சுது. நான் வாசப்படிப் பக்கம் பார்க்கல. பார்க்க முடியல. மறுநாள் காலையில மோட்டார் கொட்டாயில டீ இருந்துச்சு.

நாடகத்துல காட்டாத சில விஷயத்தையும் இங்க சொல்லணும். நாடகத்துல எல்லாச் சண்டையும் கூடத்துல நடக்குது. எங்க மாதிரி வீட்டுல பாதிச் சண்டை காகிதத்துலதான். அண்ணன் இனிஷியல் ஒண்ணு, தங்கச்சி இனிஷியல் ஒண்ணு. மூணாவது படிக்கும்போது, "அண்ணன்னு சொல்ற, இனிஷியல் வேறயா இருக்கே?"ன்னு கூடப் படிச்ச பிள்ளைங்க கேட்டு அழுதுக்கிட்டு வந்தா. என் எழுத்தைப் போட்டுடலாம்னு நான் சொன்னேன். வீட்டுக்காரம்மா வேணாம்னுட்டா. "அவருகிட்ட இருந்து அதுக்கு மிஞ்சினது அந்த ஒரு எழுத்துதான், அதையும் எடுத்துடாதீங்க"ன்னா. அன்னிக்கு எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இப்ப யோசிச்சா அவ செஞ்சதுதான் சரி. சாதிச் சான்றிதழுக்கு அப்பா சான்றிதழ் கேப்பாங்க. அதுக்கு நான் அவங்க பெரியப்பா வூட்டு வாசல்ல போய் நின்னிருக்கேன்.

நிலமும் அப்படித்தான். எனக்கு ஒரு ஏக்கர் கழனி, ஒண்ணரை ஏக்கர் கொல்லி. நான் போயிட்டா தாசில்தார் ஆபீஸ்ல குடுக்கிற வாரிசுச் சான்றிதழ்ல சம்சாரம் பேரும் பையன் பேரும் வரும். பாப்பா பேரு வராது. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்துல பெத்த பிள்ளைக்கும் சட்டப்படி தத்தெடுத்த பிள்ளைக்கும்தான் பங்கு, மனைவியோட வந்த பிள்ளைக்குத் தானா பங்கு வராது, குடுக்கணும்னா உயிரோட இருக்கும்போதே எழுதிக் குடுக்கணும்னு பத்திரம் எழுதுறவர் சொன்னார். எத்தனை பேருக்கு இது தெரியுமோ. உங்க சொந்தத்துல இப்படி வீடு இருந்தா சொல்லி வைங்க. நல்ல மனசு மட்டும் இருந்தா போதாது, பத்திரமும் வேணும். போன வருஷம் கொல்லியில அரை ஏக்கரை அவ பேருக்கு எழுதி ரிஜிஸ்டர் பண்ணிட்டேன். எம்பையன்தான் சாட்சிக் கையெழுத்து. ஒரகடத்துல கம்பெனி வேலை, லீவு போட்டுட்டு வந்தான். "இதுக்கு எதுக்குப்பா என்னைக் கேக்குற, எழுது"ன்னு சொன்னான். அவனை வளர்த்ததும் அவங்கம்மாதான்.

இந்த ஆவணியில பாப்பாவுக்குக் கல்யாணம். போன வாரம் பத்திரிகை அடிக்கத் திண்டிவனம் போனோம். அதுக்கு முன்னாடி பெரிய பஞ்சாயத்து. பெரியப்பா வூட்டுக்காரங்க, காலஞ்சென்ற எங்க தம்பி பேருதான் வரணும், வேற பேரு வரக் கூடாதுன்னாங்க. எங்கம்மா இருந்திருந்தா என் பேருதான் வரணும்னு குதிச்சிருக்கும். நான் வாயைத் திறக்கல. ஒரு தடவ வாயைத் திறந்து பட்டது போதும். மனசுக்குள்ள மட்டும் ஆசை இருந்துச்சு. பத்தொம்பது வருஷம் சோறு போட்டவன் பேரு ஒரு மூலையிலயாவது வந்தா என்னன்னு.

அச்சாபீஸ்ல பாப்பாவே பேசினா. மொதல் வரியில அவங்கப்பா பேரு, காலஞ்சென்றன்னு போட்டு. அடுத்த வரியில என் பேரும் அவங்கம்மா பேரும். கம்ப்யூட்டர்ல அடிக்கிற பையன் வழக்கப்படி கேட்டான், "ரெண்டாவது வரிக்கு வளர்ப்பு மகள்னு போட்டுடலாமாக்கா?"

"வேணாம். ரெண்டு வரிக்கும் கீழ மகள்னு ஒரு தடவ போட்டா போதும்"ன்னா.

நான் கதவுகிட்ட செருப்பைத் தேடுற மாதிரி நின்னுக்கிட்டிருந்தேன். அவ என் பக்கம் திரும்பி, "எழுத்துப்பிழை இருக்கான்னு ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க"ன்னு அச்சாபீஸ்காரன்கிட்ட சொன்னா. யாரைப் பாக்கச் சொல்லணும்னு சொல்லல. எனக்குத்தான்னு எனக்குத் தெரியும். வாங்கிப் பார்த்தேன். பிழை எதுவும் இல்ல. கண்ணாடி கொண்டு போகல, அதனால சரியாவும் தெரியல.

இப்ப புதுசா வேற ஒரு நாடகம் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. திண்ணையில திட்டறதுக்குப் புது ஆளுங்க கிடைச்சுட்டாங்க. பார்க்கட்டும், பேசட்டும். அதுல தப்பே இல்ல. மேட்டுத்தெரு தங்கச்சிக்குத் தன் புருஷனைத் திட்ட முடியாத குறை, கோபியைத் திட்டித்தான் ஆறுச்சு. நீங்களும் உங்க வீட்டுக் கூடத்துல பேசுவீங்க. ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். இரண்டாந்தாரம், மூத்தாள் பிள்ளை, கூட்டிட்டு வந்த பிள்ளைன்னு வாய்க்கு வந்ததைப் பேசும்போது, அந்த அறையில யார் யார் இருக்காங்கன்னு ஒரு தடவ சுத்திப் பார்த்துட்டுப் பேசுங்க. நாடகத்துல இருக்கிறவங்களுக்கு நம்ம பேச்சு கேக்காது. பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கேக்கும்.

விதைப்பு முடிஞ்சு ரெண்டு மழை பேஞ்சிருக்கு. முளைப்பு நல்லா வந்திருக்கு, அங்கங்க மயிலு கொத்தின இடத்துல மட்டும் போட விதை வேணும். கார்த்திகையில பிடுங்குவோம். இந்தப் பக்கம் வந்தா வாங்க, பச்சை மல்லாட்டை அவிச்சுத் தரேன்.